பிரவுன்ஷ்வைக்கிலிருந்து சிங்கப்பூருக்கு: ஓர் ஆடிக் கேமராவின் வரலாறு

சிங்கப்பூரின் நார்த் பிரிட்ஜ் சாலையில் உள்ள பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதிக்குள் நுழைவோர் இருவேறு உலகங்களைக் காண்பர். ஒன்று, மியன்மார் மக்களின் உணவகங்களும் பலசரக்குக் கடைகளும் நிறைந்தது. மற்றொன்று, கண்ணாடி அலமாரிகளுக்குள் பழைய கேமராக்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு கடைகளின் உலகம். அவ்வலமாரிகளின் முன் நிற்போரில் பலர், ஃபிலிம் சுருளை வீட்டில் எவரும் பயன்படுத்திப் பார்த்திராத தலைமுறையினர். கடைக்காரர் எடுத்துத் தரும் கருவியைக் காதருகே வைத்துப் பொத்தானை அழுத்துவார்கள். உள்ளே எழும் ஒலியைக் கேட்டு முகம் மலர்வார்கள். பிறகுதான் விலையைக் கேட்பார்கள்.

விலைக்கு அடுத்தாற்போல் மற்றொரு கேள்வியும் அக்கடைகளில் எழுவதுண்டு. ரோலை என்னும் பெயர் பொறித்த கேமராவாயின், அது ஜெர்மனியில் செய்யப்பட்டதா, சிங்கப்பூரில் செய்யப்பட்டதா என்பதே அக்கேள்வி. ஜெர்மனி என்றால் விலை கூடும். சிங்கப்பூர் என்றால் குறையும். இரண்டும் ஒரே வடிவமைப்பு, ஒரே நிறுவனம். வேறுபாடு பொறிக்கப்பட்ட ஊர்ப்பெயரில் உள்ளது. அக்கருவி உருவான ஊரிலேயே, அவ்வூரின் பெயரைத் தாங்கியதற்காக அது மலிவாக விற்கப்படுகிறது. இவ்விலை வேறுபாடு நியாயமானதுதானா என்னும் வினாவே இவ்வுரையின் தொடக்கம். விடை தேட நாம் ஜெர்மனிவரை சென்று திரும்ப வேண்டியுள்ளது.

முதலில் பெயர். நாம் பேசப்போகும் கருவியை ஆங்கிலவழிச் சொற்களைப் பின்பற்றி ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கேமரா என்று தமிழில் பெயர்த்துள்ளனர். பொருள் பிழையன்று, ஆயினும் அதைக் கேட்டவுடன் கருவி கண்முன் வருவதில்லை. ஜெர்மானியர் தம் மொழியில் இதற்கு வைத்த பெயரிலோ கண்ணாடி என்னும் சொல் வெளிப்படையாக நிற்கிறது. பார்க்கும் முகக்கண்ணாடியையும் ஒளியை வளைக்கும் வில்லையையும் ஒருசேரக் குறிக்க 'ஆடி' என்னும் பழஞ்சொல் நம்மிடம் உள்ளது. ஆகவே இவ்வுரையில் இதனை 'ஆடிக் கேமரா' என்றே அழைப்போம். ஆடி மாதத்தோடு குழப்பிக்கொள்வார் எவரும் இவ்வவையில் இல்லை என்று நம்புகிறோம்.

ஆடிக் கேமராவின் உட்பொருள் எளியது. வில்லையின் வழியே வரும் ஒளியை, 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஓர் ஆடி மேல்நோக்கித் திருப்புகிறது. அங்குள்ள மங்கல் கண்ணாடியில் படிந்த உருவத்தை ஐங்கோணப் பட்டகம் ஒன்று நிமிர்த்தி, இடவலம் சரிசெய்து கண்ணுக்குத் தருகிறது. படமெடுக்கும் வில்லை எதைக் காண்கிறதோ அதையே கண்ணும் காண்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே மடங்குகிறது. ஃபிலிமுக்கு முன்னே இருக்கும் துணித்திரைகளில் முதலாவது ஓடுகிறது. இரண்டாவது அதைத் துரத்துகிறது. ஆடி மீண்டும் கீழே இறங்குகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடும்.

இதில் வியப்புக்குரியது திரைகளின் ஓட்டம். 1/1000 வினாடி என்று சக்கரத்தைத் திருப்பி வைத்தால், திரைகள் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஓடி முடிவதில்லை. எந்தச் சுருள்வில்லும் துணித்திரையை அத்துணை வேகத்தில் இழுக்காது. முதல் திரை புறப்பட்ட மறுகணமே இரண்டாம் திரையும் புறப்படுகிறது. இரண்டிற்கும் இடையே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு பிளவு உண்டாகி, 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சட்டத்தைக் கடந்து செல்கிறது. ஃபிலிமின் ஒவ்வோர் இடமும் அப்பிளவு தன்னைக் கடக்கும் அளவே ஒளியைக் காண்கிறது. ஒரு திரையின் வேகம் மற்றதைவிடச் சற்றே குறைந்தாலும் பிளவு வழியில் அகன்றோ சுருங்கியோ போகும். படத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்துவிடும். மின்கலமோ சில்லோ இதைத் திருத்துவதில்லை. இரு சுருள்விற்களின் முறுக்கை ஒன்றுக்கொன்று ஒத்திசைய வைத்த மனிதக் கையே திருத்துகிறது. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கான ஆடிக் கேமராவின் தொட்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம். இஹாகே என்னும் நிறுவனம் 1936இல் அங்கே கினே எக்ஸாக்டாவை வெளியிட்டது. அதில் பட்டகம் இல்லை. மார்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து நோக்க வேண்டும். போருக்குப்பின் 1949இல் அதே நகரிலிருந்து பட்டகம் பொருத்திய கண்டாக்ஸ் எஸ் வந்தது. ஆயின் அப்போது டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனியின் பகுதி ஆகிவிட்டது. 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் நகரம் எரிந்தது. எஞ்சிய இயந்திரங்களில் பெரும்பகுதியைச் சோவியத் ஒன்றியம் ஈட்டுப்பொருளாகக் கொண்டு சென்றது. ஆடிக் கேமராவின் அறிவு கிழக்கே தங்கிவிட, மேற்கு ஜெர்மனியின் புகழ்பெற்ற நிறுவனங்கள் வேறு வழிகளில் நடந்தன. சில, தொலைவுமானி பொருத்திய கேமராக்களைத் தொடர்ந்தன. சில, வில்லைக்குள் பூவிதழ்போல் விரிந்து மூடும் இதழ்த்திரையை ஆடிக் கேமராவுக்குள் புகுத்தின. இதழ்த்திரை செய்வதில் அவர்கள் உலகத்திலேயே சிறந்தவர்கள். அச்சிறப்பே அவர்களைக் கட்டிப்போட்டது எனலாம். வில்லைக்குள் திரை இருந்தால் வில்லையைக் கழற்றி மாற்றுவது சிக்கலாகும். திரையின் உயர்வேகமும் 1/500 வினாடியைத் தாண்டாது.

அதே காலத்தில் ஜப்பானியர் தயங்கவில்லை. 1952இல் அசாஹி நிறுவனம் முதல் ஜப்பானிய 35 மில்லிமீட்டர் ஆடிக் கேமராவை வெளியிட்டது. இரண்டே ஆண்டுகளில், படமெடுத்ததும் ஆடி தானே கீழிறங்கும் அமைப்பையும் தன் கேமராவில் பொருத்தியது. 1959இல் நிக்கான் எஃப் வந்தது. பட்டகத்தையும் பார்வைத் திரையையும் வில்லையையும் மாற்றிக்கொள்ளத்தக்க அந்த உறுதியான கருவி, செய்தியாளர்களின் தோள்களில் வியட்நாம் போர்முனை வரை சென்றது. 1960களில் உலகக் கேமராச் சந்தையின் தலைமை ஜெர்மனியிடமிருந்து ஜப்பானுக்குக் கைமாறியது.

இப்போது பிரவுன்ஷ்வைக் நகருக்கு வருவோம். பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்டு ஹைடெக்கே என்னும் இருவர் 1920இல் அங்கே தொடங்கிய பட்டறையே பின்னாளில் ரோலை என்று பெயர் பெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு வில்லைகள் கொண்ட ரோலைஃபிளெக்ஸ் 1929இல் வெளியானது. அடுத்த முப்பது ஆண்டுகள் உலகெங்கும் படப்பிடிப்பு நிலையங்களிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் அக்கருவி ஆட்சி செலுத்தியது. ஒரே பொருளில் பெற்ற வெற்றி அந்நிறுவனத்தை அசைய விடவில்லை. நிறுவனர் இருவரும் மறைந்தபின், 1964இல் பொறுப்பேற்ற ஹைன்ரிக் பேசல் அதை உலுக்கி எழுப்பினார். 1966இல் உள்ளங்கைக்குள் அடங்கும் ரோலை 35 வெளிவந்தது. அதைப் படைத்தவர் ஹைன்ஸ் வாஸ்கே என்னும் பொறியாளர். 1970இல் ரோலைஃபிளெக்ஸ் எஸ்எல் 35 என்னும் ஆடிக் கேமரா வந்தது. அதுவே இவ்வுரையின் நாயகன்.

நாயகன் தாமதமாக மேடையேறினான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிக்கான் எஃப் வெளியாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. எஸ்எல் 35 சிறியது, பார்க்க அழகியது. கார்ல் சைஸ் நிறுவனத்தின் பிளானார் வில்லையைத் தாங்கியது. உள்ளே முழுவதும் இயந்திர அமைப்பு. ஒரு வினாடி முதல் 1/1000 வினாடி வரை எல்லா வேகங்களையும் சுருள்விற்களும் பற்சக்கரங்களுமே அளந்தன. ஒரே ஒரு மின்கலம் ஒளிமானியின் முள்ளை அசைப்பதற்கு மட்டும். அது தீர்ந்துபோனாலும் கேமரா நிற்காது. எனினும் ஒளியை அளக்க ஒரு பொத்தானை அழுத்தி வில்லையின் துளையைச் சுருக்க வேண்டும். அப்போது பார்வை இருண்டுவிடும். ஜப்பானியப் போட்டியாளர்களில் சிலர் அந்தத் தொல்லையை ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தனர். விலையிலும் ஜெர்மனியக் கூலியோடு ஜப்பானை வெல்வது அரிதாயிருந்தது.

ஓர் ஆடிக் கேமராவின் விலையில் உலோகத்தின் பங்கு சிறிது. மனிதர் செலவிடும் நேரத்தின் பங்கே பெரிது. நூற்றுக்கணக்கான சிற்றுறுப்புகளைச் செதுக்கி, பொருத்தி, சோதித்து, மீண்டும் கழற்றிச் சரிசெய்யும் நேரம் அது. பேசல் கணக்குப் பார்த்தார். ஜெர்மனியக் கூலியைவிடப் பல மடங்கு குறைந்த கூலி, நிலையான ஆட்சி, துறைமுகம் ஆகியவை ஒருங்கே அமைந்த இடம் தேவைப்பட்டது. அவர் தெரிவு செய்த இடம் சிங்கப்பூர்.

சிங்கப்பூருக்கும் அந்நேரத்தில் அத்தகையோர் தேவைப்பட்டனர். தனிநாடாகி ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறவிருந்தன. படைத்தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களின் வருமானம் அவற்றோடு போகவிருந்தது. 1961இல் அமைக்கப்பட்ட பொருளியல் வளர்ச்சிக் கழகம் உலகெங்கும் தொழில் முனைவோரைத் தேடிச் சென்றுகொண்டிருந்தது. துணி தைப்பதும் பொம்மை செய்வதும் வேலை தரும். ஆனால் கைத்திறனை உயர்த்துவதில்லை. கேமரா உயர்த்தும். நுண்பொறியியலில் ஜெர்மானியரிடமே பாடம் கற்கும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று. 1971இல் ரோலையின் உற்பத்தி இங்குத் தொடங்கியது. ரோலை 35 முழுமையாக இங்கு மாற்றப்பட்டது. எஸ்எல் 35 ஆடிக் கேமராவும் பின்தொடர்ந்து வந்தது. மின்வெட்டு விளக்குகள், படவீழ்த்திகள், வில்லைகள் ஆகியனவும் இங்கு உருவாயின. நாட்டின் பெரிய முதலாளிகளுள் ஒன்றாக ரோலை உயர்ந்தது.

வந்தது இயந்திரங்கள் மட்டுமல்ல என்பதே நமக்கு முக்கியம். 1973இல் ரோலை-அரசாங்கப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இந்தியாவின் டாடா நிறுவனத்தோடும், இரண்டாண்டு கழித்து பிலிப்ஸ் நிறுவனத்தோடும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. நிறுவனம் தனக்கு வேண்டிய எண்ணிக்கையைவிட அதிகமானோருக்குப் பயிற்சி தர வேண்டும். எஞ்சியோர் பிற தொழிற்கூடங்களுக்குச் செல்வர். செலவில் அரசாங்கம் பங்கேற்கும் என்பதே இத்திட்டத்தின் கரு. பள்ளி முடித்து வந்த இளையர், இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்குவதில் தொடங்கி, அச்சுக்கருவி செய்வது வரை படிப்படியாகக் கற்றனர். அரத்தைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு இயந்திரத்தைத் தருவதில்லை என்பது ஜெர்மானியத் தொழிற்கல்வியின் பழைய ஒழுங்கு. இன்றைய வேகத்தில் அது பொறுமையைச் சோதிப்பதாகத் தோன்றலாம். ஆனால் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு என்பது விரல் நுனிக்குப் பழக்கமாக அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

மறுபக்கத்தில் பொருத்துவரிசைகள். அன்றைய சிங்கப்பூர்த் தொழிற்கூடங்களில் நுண்பொருள் பொருத்தும் வேலையைப் பெரும்பாலும் இளம்பெண்களே செய்தனர். அவர்களில் மலேசியாவிலிருந்து வந்தோரும் பலர். 'விரல் மெல்லியது, பொறுமை அதிகம்' என்பது அக்கால முதலாளிகள் அடிக்கடி கூறிய காரணம். கூலி குறைவு என்பது அவர்கள் உரக்கக் கூறாத காரணம். நாம் மேலே நினைவில் இருத்தச் சொன்ன சுருள்விற்களின் முறுக்கு, இத்தகைய கைகளில்தான் அமைந்தது. ஆடி நிற்கும் கோணம், மங்கல் கண்ணாடிக்கும் ஃபிலிம் தளத்துக்கும் இருக்க வேண்டிய தூரப் பொருத்தம், திரைகளின் ஒத்திசைவு ஆகிய மூன்றும் வரைபடத்தில் எழுதி முடித்துவிட முடியாதவை. உறுப்புகள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் ஒவ்வொரு கேமராவும் தனித்தனியே சரிசெய்யப்பட வேண்டும். கண்ணில் தெளிவாகத் தெரிந்த முகம் ஃபிலிமில் மங்கிப்போனால், எங்கோ ஒரு திருகு அரைத்திருப்பு தவறியிருக்கிறது என்று பொருள்.

இவ்விடத்தில் ஊர்ப்பெயர் பற்றிய வினா மீண்டும் எழுகிறது. சிங்கப்பூரில் செய்யப்பட்ட பிளானார் வில்லையை எடுத்துக்கொள்வோம். வில்லையின் கணக்கு சைஸ் நிறுவனத்தினுடையது. அதைச் செய்யும் உரிமையை ரோலை பெற்றிருந்தது. பூச்சும் இரு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கியதே. ஆனால் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிய இடம் சிங்கப்பூர். ஆகவே வில்லையின் விளிம்பில் கார்ல் சைஸ் என்னும் பெயர் இடம்பெறவில்லை. பிளானார் என்ற பெயர் நின்றது. 'ரோலை தயாரிப்பு' என்னும் சொற்கள் அருகில் வந்தன. அதே கணக்கு, அதே பூச்சு, ஒரு பெயர் மட்டும் இல்லை. அப்பெயரின்மைக்குச் சேகரிப்போர் இன்றும் விலையைக் குறைக்கிறார்கள். சொல்லுக்கு எவ்வளவு விலை என்று கேட்போருக்கு மொழி மன்றத்தின் மேடையில் காட்டத்தக்க சான்று இதைவிட வேறு வேண்டியதில்லை.

எதிர்வாதத்தையும் கேட்போம். சிங்கப்பூரில் உருவான பிற்கால மாதிரிகளுள் சில பழுதுக்குப் பெயர்பெற்றவை என்பது உண்மை. 1970களின் பிற்பகுதியில் வெளியான எஸ்எல் 35 இ, திரையை மின்சுற்றால் இயக்கியது. அதன் மின்பகுதிகள் நம்பகமற்றவை என்று பயன்படுத்தியோர் பலர் குறைகூறினர்; இன்று கிடைக்கும் அம்மாதிரிகளுள் இயங்காதவை மிகுதி. ஆனால் அம்மின்சுற்றை வரைந்தவர்கள் சிங்கப்பூர்ப் பொருத்துவரிசையில் அமர்ந்திருந்த பெண்கள் அல்லர். முடிவுகள் பிரவுன்ஷ்வைக்கில் எடுக்கப்பட்டன. பழியோ இங்குள்ள ஊர்ப்பெயரின் மேல் விழுந்தது. முழு இயந்திர அமைப்புடைய முந்தைய எஸ்எல் 35ஐ நோக்கினால், பிரவுன்ஷ்வைக்கில் பிறந்ததும் சிங்கப்பூரில் பிறந்ததும் ஒரே வகையில்தான் மூப்படைகின்றன. மசகு கெட்டியாகிறது, ஆடி மோதும் நுரைப்பஞ்சு பிசுபிசுத்து உதிர்கிறது, ஒளிமானி சோர்கிறது. நம்முடைய மதிப்பீடு இது: இயந்திர மாதிரிகளைப் பொறுத்தவரை, விலை வேறுபாட்டுக்கு அடிப்படை கைத்திறன் அன்று, ஊர்ப்பெயர்மேல் உள்ள மயக்கமே.

இம்மயக்கம் ரோலைக்கு மட்டும் உரியதன்று. 1976இல் வந்து 1997 வரை உற்பத்தியில் இருந்த பெண்டாக்ஸ் கே1000, எத்தனையோ பள்ளி மாணவர்க்கு முதல் ஆடிக் கேமரா. அது ஜப்பானிலிருந்து ஹாங்காங்குக்கும் பின்னர்ச் சீனாவுக்கும் இடம்பெயர்ந்தது. ஜப்பானில் செய்யப்பட்டதே மேல் என்னும் பேச்சு அங்கும் உண்டு. லைக்கா நிறுவனம்கூட ஆர்3 ஆடிக் கேமராவைப் போர்ச்சுகலில் பொருத்தியது. சிறிது வேறுபாடு உண்டு: கே1000இன் பிற்கால மாதிரிகளில் உலோகத்துக்கு மாற்றாக நெகிழி உறுப்புகள் உண்மையிலேயே புகுந்தன. அதுவும் கணக்கரின் முடிவு, பொருத்தியவரின் முடிவன்று.

ரோலையின் வீழ்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். பேசல் எல்லா அளவிலும் எல்லா வகையிலும் கேமரா செய்ய முற்பட்டார், கடன் ஏறியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஜெர்மானிய நாணயத்தின் மதிப்பு உயர்ந்து ஏற்றுமதி கடினமாயிற்று. 1974இல் பேசல் வெளியேறினார். நிறுவனம் வங்கிகளின் கையில் சிக்கியது. நடுவே வோய்க்ட்லாண்டர் என்னும் பெயரையும் ரோலை ஏற்றுக்கொண்டது. 1756இல் வியன்னாவில் தோன்றி, பின்னர் பிரவுன்ஷ்வைக்குக்குக் குடிபெயர்ந்த மிகப் பழைய ஒளியியல் நிறுவனம் அது. அதன் பெயரைத் தாங்கிய ஆடிக் கேமராக்களும் சிங்கப்பூரில் செய்யப்பட்டன. இருநூறு ஆண்டுப் பழம்பெயர் ஒன்று நம் தீவில் தன் இறுதி அத்தியாயங்களுள் ஒன்றை எழுதியது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அதற்கிடையே 1976இல் கேனன் ஏஇ-1 வெளியாகி ஆட்டத்தின் விதிகளையே மாற்றிவிட்டது. அதன் உள்ளே ஒரு நுண்செயலி இருந்தது. உறுப்புகளின் எண்ணிக்கை குறைந்தது, பொருத்தும் வேலை எளிதாயிற்று, விலை இறங்கியது. கைத்திறன் மிகுந்த இடத்தில் மலிவாகப் பொருத்துவது என்னும் ரோலையின் முழுக் கணக்கும், பொருத்துவதற்கு மிகுந்த கைத்திறன் தேவை என்பதை அடிப்படையாகக் கொண்டது. அந்த அடிப்படையே நழுவியது. இங்கேயோ 1979 முதல், தேசியச் சம்பள மன்றத்தின் பரிந்துரைகளின்வழிக் கூலியை வேண்டுமென்றே உயர்த்தி, உயர்தொழில்நுட்பத்தை நோக்கிச் சிங்கப்பூர் நகரத் தொடங்கியது. 1981இல் ரோலை நொடித்துப்போனது. சிங்கப்பூர்த் தொழிற்கூடம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆட்குறைப்புக்கு ஆளாயினர்.

பொருளியல் வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் ஒரு நல்ல செய்தியைச் சொல்வது வழக்கம். வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் அது. ரோலையில் பயின்றோரைப் பிற நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. அச்சுக்கருவி செய்யவும் நுண்ணளவு அளக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை நாட்டுக்கு வாய்த்தது. 1982இல் சீகேட் வந்து கணினித் தட்டுகளைச் செய்யத் தொடங்கியபோது, நுண்பொருத்தம் அறிந்த கைகள் இங்கே காத்திருந்தன. இது உண்மையே. நாம் மறுக்கவில்லை. ஆனால் இக்கதை கேமராவை வெறும் படிக்கட்டாக்கிவிடுகிறது. ஏறியபின் படிக்கட்டைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை. ரோலை ஒரு தோல்வியடைந்த முதலீடு, அதன் பயிற்சி நிலையம் ஒரு வெற்றியடைந்த கொள்கை என்று இரண்டு வரியில் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அவர்கள் செய்த பொருள் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு.

அப்பொருள் எங்கும் போய்விடவில்லை. ரோலை 35 வகைக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு மில்லியன் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை சிங்கப்பூரில் உருவானவை. எஸ்எல் 35 அவ்வளவு அதிகமில்லை. ஆயினும் ஐரோப்பாவின் பழம்பொருள் சந்தைகளிலும் இங்குள்ள கடைகளிலும் இன்றும் தென்படுகிறது. இயந்திரக் கேமராவை நாடிவரும் புதிய தலைமுறையின் விருப்பத்தை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கைப்பேசி எடுக்கும் படம் குறைவுற்றது என்பதற்காக அவர்கள் வருவதில்லை. பெரும்பாலும் அதுவே மேலான படம். ஒரு சுருளில் 36 படங்களே உண்டு என்னும் கட்டுப்பாடு அவர்களை நிதானிக்க வைக்கிறது. நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே வில் முறுக்கேறுவதை விரல் உணர்கிறது. எது எதனால் நிகழ்கிறது என்பதை அடிமூடியைக் கழற்றினால் கண்ணாலேயே காணலாம். காரணத்தை மறைக்காத கருவி நம்மைச் சுற்றி அருகிவிட்டது. இவ்விளைஞர்கள் அதை உணர்ந்தே வருகிறார்கள் என்பது நம் எண்ணம்.

இக்கேமராக்களைப் பழுதுபார்க்கக் கற்போரும் பெருகுகின்றனர். வேலை எளிதன்று. எஸ்எல் 35இன் ஒளிமானி, பாதரச மின்கலத்தை எண்ணிச் செய்யப்பட்டது. பாதரசக் கலங்கள் சந்தையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. மாற்றாகப் போடும் கலங்களின் மின்னழுத்தம் சற்று வேறுபடுவதால் முள் தவறாகக் காட்டும். பலர் மின்கலம் போடுவதையே விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக் கணித்துப் படமெடுக்கிறார்கள். நுரைப்பஞ்சை மாற்றலாம், மசகைக் கரைத்துத் துடைக்கலாம். துணித்திரை கிழிந்தால்தான் கடினம். ரோலைக்கு உதிரி உறுப்புச் செய்வோர் எவருமில்லை. உயிரற்ற ஒரு கேமராவிலிருந்தே உயிருள்ள மற்றொன்றுக்கு உறுப்பு எடுக்க வேண்டும்.

அப்பொருத்துவரிசைகளில் 1970களில் இருபது வயதில் அமர்ந்தோர் இன்று எழுபதை எட்டியவர்கள். சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் 1979 முதல் சேகரிக்கப்படுகின்றன. தலைவர்களும் வணிகர்களும் படைவீரர்களும் அவற்றில் பேசியிருக்கிறார்கள். ஆடியின் கோணத்தைச் சரிசெய்தவரும் பேச வேண்டும். திரையின் முறுக்கை எவ்வாறு உணர்ந்தார், நாளொன்றுக்கு எத்தனை கேமரா அவர் கைவழியே சென்றது, மேற்பார்வையாளர் எம்மொழியில் திட்டினார், திருப்புளிக்கும் இடுக்கிக்கும் அவர்கள் தமக்குள் என்ன பெயர் வைத்திருந்தனர் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய ஐந்தும் ஒரே மேசையில் கலந்த தொழிற்கூடங்கள் நம் வரலாற்றில் பல இருந்திருக்க முடியாது. மொழி மன்றங்களுக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி எளிதில் அமையாது.

அக்கைகள் விட்டுச்சென்ற ஒரு தடயம் கேமராவுக்குள்ளேயே உள்ளது. சரிசெய்தல் முடிந்ததும், திருகு தளர்ந்துவிடாதிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு அரக்குவண்ணம் வைப்பது கேமராத் தொழிலின் வழக்கம். சொட்டு உடைந்திருந்தால், பின்னர் எவரோ அத்திருகைத் திருப்பியிருக்கிறார் என்று பழுதுபார்ப்பவர் அறிந்துகொள்வார். முழுமையாக இருந்தால், கேமரா பொருத்துவரிசையை விட்டு நீங்கிய நாளின் அமைப்பு இன்னும் மாறவில்லை என்று பொருள். ஆகவே சிங்கப்பூர் என்று பொறித்த எஸ்எல் 35 ஒன்றைத் திறந்து, தூசியைத் தட்டி, திரையின் ஓட்டம் சீராக இருப்பதைச் சோதித்தறிந்தபின், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் அந்தத் திருகுகளைத் தொடுவதில்லை. சொட்டை அப்படியே விட்டு மூடியைப் பொருத்திவிடுகிறார்.